அடியாமலே படிந்த புரவி



"அடியாத மாடு படியாது" என்பது நம் நாட்டுப் பழமொழி. நான் சிறுவனாயிருந்தபோது எங்கள் பள்ளி ஆசிரியர் ஒருவர் இதனை அடிக்கடி கூறுவார். கூறும்போது அவர் கையில் பிரம்பு இருக்கும். ஆதலால் அப்பழமொழியின் உண்மையை ஆராயும் துணிவு எங்களில் எவருக்கும் உண்டானதில்லை.

பின்னாளில் நான் வரலாறு கற்கவும் கற்பிக்கவும் புகுந்தேன். அப்போது ஒரு செய்தி என் கருத்தைக் கவர்ந்தது. மனிதன் பழக்கிய விலங்குகளுள் விரைவும் வலிமையும் அச்சமும் ஒருங்கே மிக்கது குதிரை. அதனை அடித்துப் பழக்குவதா, அன்பால் பழக்குவதா என்னும் வழக்கு ஐரோப்பாவில் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. அவ்வழக்கில் சான்று கூற வந்தவர்களுள் படைத்தலைவர் உண்டு. அரசரின் ஆசான் உண்டு. சாதாரண சார்ஜண்டு ஒருவர் உண்டு. முழங்காலுக்குக் கீழே கால்கள் செயலற்றுப்போன ஒரு பெண்மணியும் உண்டு. அவ்வழக்கின் கதையையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

குதிரைப் பந்தயத்தை நீங்கள் அறிவீர்கள். அங்கே விரைந்தது வெல்லும். நான் சொல்லப்போகும் போட்டியில் விரைவுக்கு மதிப்பில்லை. அதன் பெயர் டிரெஸ்ஸாஜ். பழக்குதல், பயிற்றுதல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. 60 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள ஒரு களம். அதன் ஓரங்களில் எழுத்துகள் பொறித்த பலகைகள். வீரர் குதிரைமீது அமர்ந்து உள்ளே வருகிறார், நடுவர்களை வணங்குகிறார். பின்னர்க் குறித்த இடத்தில் குறித்த நடையைக் குதிரை நடந்து காட்டவேண்டும். சில வேளை அது முன்னேறாமலே, நின்ற இடத்தில் தாளந்தவறாது கால்களை எடுத்து எடுத்து வைக்கும். சில வேளை பின்னங்கால்களை அச்சாகக் கொண்டு ஒரு சிறு வட்டத்துக்குள் சுழலும். ஓடிக்கொண்டிருக்கும்போதே அடிக்கு அடி முன்வைக்கும் காலை மாற்றி மாற்றி ஓடும். இவ்வாறு ஒவ்வோர் அசைவுக்கும் நடுவர்கள் 0 முதல் 10 வரை மதிப்பெண் இடுவார்கள்.

இதில் வியப்பு என்னவெனின், ஏறியிருப்பவர் வாய் திறந்து ஒரு சொல்லும் கூறலாகாது. குதிரையை அதட்டினால் மதிப்பெண் குறையும். உடலின் சிறு சாய்வு, தொடையின் மெல்லிய அழுத்தம், கடிவாள வாரில் விரலின் அசைவு இவையே அவர் பேசும் மொழி. காண்போருக்கு அவர் ஒன்றும் செய்யாமல் வீற்றிருப்பதுபோலத் தோன்றவேண்டும். குதிரை தானே விரும்பி ஆடுவதுபோலத் தோன்றவேண்டும். இது எவ்வாறு இயலும் என்று நீங்கள் கேட்கலாம். குதிரையின் தோலில் ஓர் ஈ வந்து அமர்ந்தால், அவ்விடத்தை மட்டும் சிலிர்த்து அந்த ஈயை அது விரட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈயின் எடையை உணர்கின்ற உயிருக்கு மனிதனின் முதுகு சற்றே சாய்வது தெரியாமற் போகுமா? தெரியும். அந்தச் சாய்வுக்கு என்ன பொருள் என்பதைக் கற்பிப்பதுதான் கடினம்.

அதற்கு ஆண்டுகள் பல ஆகும். நான்கு வயதளவில் பயிற்சி தொடங்கும் குதிரை, இக்கலையின் உயர்ந்த அசைவுகளைக் கற்றுத் தேற மேலும் ஆறு ஆண்டுகள் போல வேண்டும். அதற்குள் ஒரு கால் சுளுக்கினாலும் பயிற்சி தடைப்படும்.  எல்லாம் கற்றபின்னும் அச்சம் குதிரையை விட்டு நீங்குவதில்லை. வெட்டவெளியில் கொடிய விலங்குகளுக்கு இரையாகாமல் ஓடித் தப்பிய இனம் அது. போட்டியன்று ஒரு கொடி படபடத்தாலும், பார்வையாளர் ஒருவர் குடையை விரித்தாலும் போதும். ஆண்டுக்கணக்கில் கட்டியது அரை நொடியில் சரிந்துவிடும். அப்போது வீரர் என்ன செய்கிறார் என்பதில்தான் நான் கூறிய வழக்கு அடங்கியிருக்கிறது. சிலர் சவுக்கை எடுப்பர். சிலர் கழுத்தைத் தட்டிக்கொடுப்பர்.

இவ்வழக்கில் முதற்சான்று கூறியவர் கிரேக்க நாட்டு செனபன். சாக்ரடீசின் மாணவர், பாரசீக நாட்டின் உள்ளே தலைவர்களை இழந்து தவித்த பதினாயிரம் கிரேக்க வீரர்களைத் தாயகம் சேர்த்தவர்களுள் ஒருவர். போர்க்களத்தை நன்கறிந்த இப்பெரியார் கி.மு. நான்காம் நூற்றாண்டில் குதிரையேற்றத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். சினத்தோடு குதிரையை நெருங்காதே என்பது அவர் வகுத்த விதி. அஞ்சி மிரளும் குதிரையை அடித்தால் அது மேலும் அஞ்சும். தான் கண்டு மிரண்ட பொருளே தனக்கு வலியைத் தந்தது என்று எண்ணிக்கொள்ளும் என்கிறார் அவர். ஆடுபவரைச் சாட்டையால் அடித்து ஆடவைத்தால் அந்த ஆட்டத்தில் அழகு இருக்குமோ என்றும் வினவுகிறார். போரையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இவ்வாறு எழுதினார் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆயின் உலகம் அவர் சொல்லை நெடுங்காலம் கேட்கவில்லை. 1550-ஆம் ஆண்டு இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்துக் கிரிசோனே என்பவரின் நூல் அச்சேறியது. குதிரையைத் தட்டிக்கொடுத்து ஊக்கவேண்டும் என்பதை அவரும் சொன்னார். எனினும், முரண்டு பிடிக்கும் குதிரையைத் தண்டிக்க அந்நூல் கூறும் வழிகளைப் படிப்போர் உள்ளம் நடுங்கும். அந்த நூல் ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் பெயர்க்கப்பட்டுப் பிரபுக்களின் லாயங்கள்தோறும் பரவியது.

அதே நேப்பிள்ஸ் நகரத்தில் கல்வி கற்றுத் திரும்பிய பிரெஞ்சுக்காரர் ஒருவர்தாம் இந்த வழியைத் திருப்பினார். அவர் பெயர் புளுவினெல். பிரான்சின் மன்னர் பதின்மூன்றாம் லூயிக்கு இளமையில் குதிரையேற்றம் கற்பித்தவர். மன்னர் வினவ ஆசான் விடை கூறும் முறையில் அமைந்த அவரது நூல், அவர் 1620-இல் இறந்தபின் வெளிவந்தது. ஒவ்வொரு குதிரைக்கும் தனித்தனி இயல்பு உண்டு. அதனை அறிந்து பழக்குக. தண்டனையில் சிக்கனமும் பாராட்டில் தாராளமும் வேண்டும் என்பது அவர் போதித்த பாடம். 1733-இல் கெரினியேர் என்னும் மற்றொரு பிரெஞ்சு ஆசான் எழுதிய நூல் அப்பாடத்தை ஒரு முறையான கல்வியாகவே வகுத்துத் தந்தது. ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவில் உள்ள ஸ்பானியக் குதிரையேற்றப் பள்ளி இன்றளவும் அவ்வழியைப் போற்றி வருகிறது. 1735-இல் கட்டி முடிந்த அதன் அரங்கில் வெண்ணிறக் குதிரைகள் பழகுகின்றன. அப்பள்ளியின் மரபு ஒன்று மாணவர்களாகிய உங்களுக்கு இனிக்கும். புதிதாகச் சேர்ந்த இளைஞனுக்கு அங்கே பாடம் சொல்வது வயது முதிர்ந்த குதிரை. அவ்விளைஞன் தேர்ந்து முதிர்ந்தபின் இளங்குதிரைக்குப் பாடம் சொல்வான்.

சவுக்கின் பிடி இவ்வாறு மெல்லத் தளர்ந்தது. ஆனால் வேறொரு தடை எழுந்து நின்றது. அது பதவி என்னும் தடை. 1912-இல் ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த ஒலிம்பிக் விழாவில் டிரெஸ்ஸாஜ் முதன்முறையாக இடம்பெற்றது. குதிரைப்படைகள் செழித்திருந்த காலம் அது. ஆதலால் இக்கலை படை அதிகாரிகளின் உடைமைபோல ஆயிற்று. படைத்துறையிலிருந்து வருவோர் அதிகாரிகளாகவே இருத்தல் வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட நிலையினர் கலந்துகொள்ளலாகாது. பெண்களுக்கும் அங்கே இடமில்லை.

இவ்விதி 1948-இல் இலண்டன் ஒலிம்பிக்கில் ஒரு விந்தையை விளைத்தது. ஸ்வீடன் நாட்டுக் குழுவில் மூவர் இருந்தனர். ஹென்றி செயின்ட் சிர், போல்டென்ஸ்டெர்ன் என்னும் இருவரும் அதிகாரிகள். மூன்றாமவரான கெனால் பெர்சன் சார்ஜண்டு. விதிக்கு இணங்கும்பொருட்டு, போட்டிக்குச் சற்று முன்னர் அவரை லெப்டினன்டாக உயர்த்தினர். குழு பொற்பதக்கம் பெற்றது. சில வாரங்களில் அவர் மீண்டும் சார்ஜண்டாக இறக்கப்பட்டார். செய்தி வெளிப்பட்டது. 1949-இல் ஸ்வீடன் குழு தகுதியற்றதெனத் தள்ளப்பட்டது. பதக்கம் பிரான்சு நாட்டுக்குச் சென்றது.

விதியை ஏய்த்தது பிழைதான். அதனை நான் மறுக்கவில்லை. ஆயினும் அவ்விதியை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பெர்சன் குதிரையேறியதில் குறை ஒன்றும் காணப்படவில்லை. அவருடைய குதிரை செய்த அசைவுகளில் ஒன்றும் மாறவில்லை. தன்மேல் இருப்பவர் சார்ஜண்டா, லெப்டினன்டா என்பதைக் குதிரை எப்படி அறியும்? அது அறிந்ததெல்லாம் அவருடைய கையின் மென்மையும் இருக்கையின் நிலையும்தாம். உலகம் இந்த உண்மையை உணர்ந்து வெட்கியது என்றே சொல்லவேண்டும். விதி திருத்தப்பட்டது. 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் களம் எந்தப் பதவியினருக்கும், படைத்துறை சாராதவருக்கும், பெண்களுக்கும் திறந்துவிடப்பட்டது. சார்ஜண்டுக்காக உடைந்த கதவின் வழியே நான்கு பெண்கள் அவ்வாண்டு உள்ளே வந்தனர். அவர்களுள் ஒருவரே டென்மார்க்கு நாட்டு லிஸ் ஹார்ட்டல்.

இவருடைய வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். 1921-இல் பிறந்த இவ்வம்மையார் 1943-இலும் 1944-இலும் டென்மார்க்கின் டிரெஸ்ஸாஜ் போட்டியில் முதல்வராக விளங்கினார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில், 23-ஆம் வயதில், இளம்பிள்ளை வாதம் அவரைத் தாக்கியது. பெயர்தான் இளம்பிள்ளை வாதம். வளர்ந்தோரையும் அந்நோய் விடுவதில்லை. அதனைத் தடுக்கும் மருந்து அப்போது கண்டுபிடிக்கப்படவில்லை. அவர் அந்நேரம் தம் இரண்டாம் குழந்தையைக் கருவுற்றிருந்தார். உடல் ஏறத்தாழ முழுவதும் செயலற்றுப் போயிற்று. குதிரையை ஆட்டிவைத்த கைகள் தம்மையே தூக்க இயலாமற் கிடந்தன.

குழந்தை நலமுடன் பிறந்தது. தாய் தம் போரைத் தொடங்கினார். முதலில் கையை உயர்த்தப் பழகினார். பின்னர்த் தவழப் பழகினார். குழந்தை கற்க வேண்டியதையெல்லாம் தாயும் கற்கவேண்டியதாயிற்று. எட்டுத் திங்கள் கழித்து ஊன்றுகோல்களின் துணையால் நடந்தார். தொடைகளில் ஓரளவு வலிமை மீண்டது. முழங்காலுக்குக் கீழே மட்டும் அது மீளவேயில்லை. கைகளிலும் தளர்ச்சி நின்றுவிட்டது. இந்நிலையில் அவர் மீண்டும் குதிரையேறத் துணிந்தார்.

குதிரையேற்றத்தில் காலின் பங்கு எத்தகையது என்பதை நீங்கள் எண்ணவேண்டும். அங்கவடியில் ஊன்றி நிற்பது கால். குதிரையின் விலாவை அணைத்து 'முன்னே செல்', 'பக்கவாட்டில் நகர்' என்று சொல்வதும் கால். அந்தக் கால் இல்லாதவர் எவ்வாறு பேசுவார்? ஹார்ட்டல் அம்மையார் வேறொரு மொழியை நாடினார். முதுகின் நிமிர்வு, இடுப்பின் சாய்வு, உடல் எடையை இம்மியளவு இங்கும் அங்கும் மாற்றுதல் இவற்றாலேயே தம் கருத்தை உணர்த்த முயன்றார். ஜுபிலி என்னும் பெண்குதிரை அம்மொழியைக் கற்றுக்கொண்டது. உதைக்கவும் அடிக்கவும் ஆற்றலற்ற ஒருவருக்கு, ஏறவும் இறங்கவும் பிறர் உதவியை நாடும் ஒருவருக்கு, அந்தப் பெருவிலங்கு படிந்தது. 1947-இல் ஸ்காண்டிநேவிய நாடுகளின் போட்டியில் அவர் இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் அடுத்த ஆண்டு நடந்த இலண்டன் ஒலிம்பிக்கின் கதவு பெண்களுக்கு அடைத்தே இருந்தது. அவர் காத்திருந்தார்.

1952-இல் ஹெல்சிங்கியில் அந்த நாள் வந்தது. எதிரே நின்றோர் பல்லாண்டு பயின்ற படை அதிகாரிகள். அவரைத் தூக்கிக் குதிரைமீது அமர்த்தினார்கள். களத்தில் நுழைந்தபின் உதவ எவருமில்லை. அவரும் ஜுபிலியுமே இருந்தனர். முடிவில் ஸ்வீடன் நாட்டுச் செயின்ட் சிர் 561 மதிப்பெண் பெற்று முதல்வரானார். லிஸ் ஹார்ட்டல் 541.5 பெற்று வெள்ளிப் பதக்கம் கொண்டார். மூன்றாவதாக வந்த பிரெஞ்சு வீரர் பெற்றது 541. அரை மதிப்பெண்ணே இடைவெளி! பரிசு மேடையில் ஏற அவரால் இயலவில்லை. அவரை வென்ற செயின்ட் சிரே அருகில் வந்து தாங்கி மேடையேற்றினார் என்று சொல்வார்கள். அவ்விழாவில் குழுப்போட்டியின் பொற்பதக்கம் பெற்றவர் யார் தெரியுமா? 1949-இல் தள்ளப்பட்ட அதே ஸ்வீடன் நாட்டு மூவர்தாம். சார்ஜண்டு பெர்சன் இம்முறை எவர் தயவும் இன்றி அப்பதக்கத்தைப் பெற்றார்.

1956-இல் ஒலிம்பிக் விழா ஆஸ்திரேலியாவில் நடந்தது. அயல்நாட்டுக் குதிரைகளை நோய்த்தடுப்பின்பொருட்டு அந்நாட்டுச் சட்டம் அனுமதியாததால், குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நிகழ்ந்தன. அங்கும் லிஸ் ஹார்ட்டல் ஜுபிலியின் மேலமர்ந்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். அவருக்கு அடுத்து வந்த லிஸலாட் லின்சன்ஹாப் என்னும் ஜெர்மானியப் பெண்மணி, 1972-இல் மியூனிக்கில் பொற்பதக்கமே பெற்றார். 1988 முதல் 2024 வரை நடந்த பத்து ஒலிம்பிக் விழாக்களிலும் டிரெஸ்ஸாஜ் தனிப்போட்டியின் பொற்பதக்கம் பெண்களுக்கே சென்றிருக்கிறது. பெண்ணுக்கு இடமில்லை என்று அடைத்து வைத்திருந்த களத்தின் நிலை இது! நூற்றாண்டுகளாக ஆடவரையே சேர்த்து வந்த வியன்னாப் பள்ளியும் 2008-இல் பெண்களைப் பயிற்சிக்கு ஏற்றது.

ஹார்ட்டல் அம்மையாரின் வெற்றி பதக்கத்தோடு நின்றுவிடவில்லை. உடற்குறையுடையோருக்குக் குதிரையேற்றத்தை ஒரு மருத்துவமாகவே பயன்படுத்தும் முயற்சி ஐரோப்பிய நாடுகளில் பரவுவதற்கு அவருடைய வாழ்வு தூண்டுகோலாயிற்று. அசையும் குதிரையின்மேல் அமரும்போது, நடக்கும்போது இயங்கும் இடுப்புத் தசைகள் இயங்குகின்றன. உடல் நிலை தவறாதிருக்கப் பழகுகின்றது. 1996-இல் அட்லாண்டா நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் இடம்பெற்றது. 2009-இல் மறைந்த அம்மையார் தம் கண்ணாலேயே அதனைக் கண்டார்.

வழக்கு இத்துடன் தீர்ந்துவிட்டது என்று நான் சொன்னால் அது வரலாறு ஆகாது. போட்டி என்று ஒன்று உள்ளவரையில் குறுக்கு வழியும் உண்டு. குதிரையின் கழுத்தை மார்பை நோக்கி வலிந்து மடக்கிப் பழக்கும் முறை ஒன்று அண்மைக் காலத்தில் பெருகியது. உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2010-இல் அதனை ஏற்கத்தகாதது என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. பதக்கத்தின் மேலுள்ள ஆசை, சவுக்கை மறந்த கையில் மீண்டும் சவுக்கைத் தரும். ஆதலால் செனபன் எழுதிய பாடத்தை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்கவேண்டியிருக்கிறது.

நம் நாட்டுச் செய்தி ஒன்றையும் சொல்லி முடிக்கின்றேன். 2023-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் சீன நாட்டு ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், டிரெஸ்ஸாஜ் குழுப்போட்டியில் இந்தியா பொற்பதக்கம் பெற்றது. 1982-இல் தில்லியில் பெற்ற பின்னர், குதிரையேற்றத்தில் நமக்குக் கிட்டிய முதற்பொன் அது. 41 ஆண்டுக் காத்திருப்பு! அக்குழுவில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா என்னும் இளைஞர் இருவரும், திவ்யகிருதி சிங், சுதிப்தி ஹஜேலா என்னும் இளநங்கையர் இருவரும் இருந்தனர். ஆணும் பெண்ணும் ஒரே களத்தில், ஒரே விதியின்கீழ்ச் சேர்ந்து நின்ற அக்காட்சியைக் கண்டபோது, ஹெல்சிங்கியில் கதவு திறந்த அந்த நாளை நான் நினைத்துக்கொண்டேன்.

மாணவ நண்பர்களே! என் பழைய ஆசிரியர் இன்று இல்லை. அவர் பிரம்புக்கு அஞ்சி நான் மனப்பாடம் செய்த பாடங்களில் பலவற்றை மறந்துவிட்டேன். அவர் ஒரு நாள் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு, கணக்கொன்று புரியாமல் விழித்த என் அருகில் அமர்ந்து, மூன்று முறை பொறுமையாய்ச் சொல்லிக் கொடுத்தார். அந்தக் கணக்கை நான் இன்னும் மறக்கவில்லை. அவரிடம் பேச இன்று வாய்ப்பிருந்தால், ஜுபிலி என்னும் குதிரையின் கதையைத்தான் சொல்லுவேன். அவர் கேட்டிருப்பார் என்றே நம்புகின்றேன்.